மூவிடமும் ஒரு குரலும்

வரலாற்றைக் கண்ணால் கற்றுப் பழகியவர்கள் நாம். கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அச்சுநூல், அரசாணை என நம் சான்றுகள் யாவும் பார்வைக்கு உரியவை. எழுத்து என்பது ஒலியின் வரிவடிவம் என்று இலக்கண வகுப்பில் தவறாமல் சொல்லிக்கொடுக்கிறோம். ஆயினும் அவ்வரிவடிவத்துக்குப் பின்னிருந்த குரலை நாம் கேட்டதில்லை. சங்கப் புலவர் ஒருவர் நாவில் ஆய்தம் எவ்வாறு ஒலித்தது என்பதை இலக்கண நூற்பாக்களைக் கொண்டு ஊகிக்கிறோமேயன்றி அறியோம். ஒலியைப் பிடித்துவைத்து மீண்டும் கேட்கும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்து ஒன்றரை நூற்றாண்டுக் காலந்தான் ஆகிறது.

காலம் குறைவாயினும் அதற்குள் சேர்ந்துவிட்ட ஒலி ஆவணங்கள் ஏராளம். அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் பயிற்சிதான் நம்மிடம் இன்னும் வளரவில்லை. ஒரு பழைய தட்டு கிடைத்துவிட்டால் அக்காலமே கிடைத்துவிட்டதாக மயங்குகிறோம். அல்லது அதன் கரகரப்பில் ஒரு கழிவிரக்க இன்பம் கண்டு நின்றுவிடுகிறோம். செப்பேட்டைப் படிக்கும்போது அதை வெட்டுவித்த அரசன் யார், கொடையால் பயன்பெற்றவர் யார், இழந்தவர் யார் என்று கேட்கத் தெரிந்த நாம், ஒலித்தட்டிடம் அக்கேள்விகளைக் கேட்பதில்லை. பேசச் சொன்னவர் யார்? எதைப் பேசச் சொன்னார்? பேசியவர் எந்நிலையில் அக்கருவியின் முன் நின்றார்? இவற்றைக் கேட்கும்போதுதான் ஒலிப்பதிவு ஆவணமாகிறது. பேசச் சொன்னவரின் நோக்கத்தை மீறி ஒரு குரல் தன் செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருப்பதும் அப்போதுதான் நம் காதில் விழுகிறது.

அப்படி ஒரு குரலைப் பற்றியது இக்கட்டுரை. 1916ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், பெர்லினுக்குத் தெற்கே உள்ள ஒரு போர்க்கைதி முகாமில் அது பதிவாயிற்று. நீளம் ஒரு நிமிடம் இருபது வினாடி. பேசியவர் பஞ்சாபின் பெரோஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த மல் சிங் என்னும் சிப்பாய். அக்குரலைச் சென்றடையுமுன் ஒரு கருவியையும் ஒரு கதையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

*

கருவியிலிருந்து தொடங்குவோம். எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார் என்பது பள்ளிப் பாடம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பாரிசில் அச்சுத்தொழில் சார்ந்திருந்த எதுவார்-லெயோன் ஸ்கோத் தெ மார்த்தின்வில் என்பவர், புகைக்கரி படிந்த காகிதத்தில் ஒலி அலைகளைக் கோடுகளாகக் கீறும் கருவி ஒன்றை அமைத்திருந்தார். அவருக்கு அக்கோடுகளை மீண்டும் ஒலிக்கச்செய்யும் எண்ணமே இல்லை. குரல் தானே தன்னை எழுதிக்கொள்ளும் ஒரு சுருக்கெழுத்தாகவே அதைக் கருதினார். 1860 ஏப்ரல் 9ஆம் நாளிட்ட அத்தகைய காகிதம் ஒன்றை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணிப்பொறியின் துணையால் ஒலிக்கச்செய்தார்கள். ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சிறு பகுதி கேட்டது. பாடியது ஒரு பெண்ணோ சிறுமியோ என்று உலகம் முழுவதும் செய்தி பரவியது. மறு ஆண்டே வேகக் கணக்கு திருத்தப்பட்டது. இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டிருந்தார்கள். சரியான வேகத்தில் கேட்டபோது அது வளர்ந்த ஆடவர் ஒருவரின் நிதானமான குரலாக இருந்தது. கண்டுபிடித்தவரே பாடியிருக்கவேண்டும் என்பது இன்றைய கருத்து.

ஒலி ஆவணத்தை ஆள்வோர் அனைவருக்கும் இது ஓர் எச்சரிக்கை. ஆணைப் பெண்ணாகவும் முதியவரைச் சிறுவராகவும் ஆக்கிவிட வேகத்தில் நேரும் ஒரு பிழை போதும். இதை முன்னோடிகள் அறிந்திருந்தார்கள். 1899இல் வியன்னாவில் அறிவியற் கழகம் உலகின் முதல் ஒலி ஆவணக்காப்பகத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, பெர்லினுக்கு வந்திருந்த சயாம் நாட்டு இசைக்குழுவைப் பதிவுசெய்து கார்ல் ஷ்டும்ஃப் என்னும் உளவியல் பேராசிரியர் அங்கும் ஒரு காப்பகத்துக்கு வித்திட்டார். பெர்லின் காப்பகத்தார் களப்பணிக்குச் செல்வோரிடம் ஒரு சிறு சுருதிக்குழலைக் கொடுத்தனுப்பினார்கள். ஒவ்வொரு மெழுகு உருளையின் தொடக்கத்திலும் அதை ஊதிப் பதிந்துவிட வேண்டும். வினாடிக்கு 435 அதிர்வுகள் கொண்ட அந்தச் சுரம் சரியாக ஒலிக்கும் வேகமே பதிவின் வேகம். பாட்டுக்கு முன் சுருதி சேர்ப்பது போன்ற இச்சிறு செயலால் நூறாண்டுக்குப் பின்னும் அவ்வுருளைகளைப் பிழையின்றிக் கேட்க முடிகிறது.

அக்காலக் கருவிக்கு மின்சாரம் கிடையாது. 1925ஐ ஒட்டி ஒலிவாங்கி புழக்கத்துக்கு வரும்வரை, பேசுபவர் ஒரு பெரிய உலோகக் கூம்பின் வாய்க்குள் முகத்தைக் கொண்டுபோய் உரத்துப் பேசவேண்டியிருந்தது. அவருடைய மூச்சின் வலுவே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறியது. ஒரு தட்டில் மூன்று நான்கு நிமிடங்களுக்குமேல் இடமில்லை. தாழ்ந்த ஒலிகளும் மிக நுண்ணிய ஒலிகளும் தடத்தில் ஏறவில்லை. முணுமுணுப்பு, தாலாட்டு, இரகசியம் ஆகியவற்றை அக்கருவி கேட்காது. எனவே அக்காலத் தட்டுகளில் எல்லோரும் சற்றே மேடையில் நின்று பேசுவதுபோலத் தோன்றுகிறார்கள். அந்தத் தோற்றம் அவர்களுடைய இயல்பு அன்று; கூம்பு கேட்ட கப்பம்.

*

இனி அந்தக் கதை. விவிலியத்தில் லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் கெட்ட குமாரன் உவமையைத் தமிழ் வாசகர் பலரும் அறிவர். இளைய மகன் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான். பொருளை அழித்துப் பஞ்சத்தில் பன்றி மேய்க்கிறான். பசியால் வாடி வீடு திரும்பும் அவனைத் தந்தை ஓடிவந்து தழுவிக்கொள்கிறார்.

ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் 1894இல் இந்திய மொழியியல் அளவாய்வைத் தொடங்கியபோது, ஒவ்வொரு மொழிக்கும் வட்டார வழக்குக்கும் மூன்று மாதிரிகளைத் திரட்டும் திட்டம் வகுத்தார். அந்தந்த ஊரில் வழங்கும் கதையோ பாட்டோ ஒன்று, சொற்பட்டியல் ஒன்று, எல்லா மொழிகளுக்கும் பொதுவான பத்தி ஒன்று. பொதுப் பத்தியாக அவர் தேர்ந்தது இந்த உவமையைத்தான். இந்தியரின் உணர்வுகளைப் புண்படுத்தாதவாறு சில சொற்கள் மட்டும் மாற்றப்பட்டன. தேர்வுக்கு அவர் தரும் காரணம் சமயம் சார்ந்ததன்று; இலக்கணம் சார்ந்தது. மூவிடப் பெயர்களும், பெயர்ச்சொல்லின் பெரும்பான்மை வேற்றுமைகளும், வினையின் முக்காலமும் அச்சிறு கதைக்குள் அடங்கியிருக்கின்றன என்பதே அது. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் ஒரே பத்தியில் வருவதால் மொழிகளை ஒப்பிடுவது எளிது.

அளவாய்வு 1903 முதல் 1928 வரை பதினொரு தொகுதிகளாக வெளிவந்தது. இந்தப் பெரும்பணியின் களப்பரப்பில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. ஐதராபாத், மைசூர் அரசுகளும் பர்மாவும் அவ்வாறே விலக்கப்பட்டன. ஆனால் அதன் துணைத்திட்டமாக 1913 முதல் 1929 வரை நடைபெற்ற கிராமபோன் பதிவுகளில் சென்னை மாகாணமும் பங்கேற்றது. தமிழும் தெலுங்கும் மலையாளமும் பிற வழக்குகளும் தட்டில் ஏறின. பேசப்பட்ட பத்திகளின் வாசகம் 1927இல் சென்னையில் நூலாகவும் அச்சாயிற்று. இந்தியாவின் பல மூலைகளிலிருந்து முன்பின் அறியாத மனிதர்கள் ஒரே கதையைத் தத்தம் மொழியில் சொல்வதை இத்தட்டுகளில் கேட்கிறோம். கதை ஒன்றாகவே இருப்பதால் கேட்பவர் கவனம் கதையை விட்டு விலகி மொழியின்மேல் நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. சொல்பவர் யார் என்பது இந்த ஏற்பாட்டில் இரண்டாம் பட்சம். அவர் ஒரு மாதிரி.

இதே காலத்தில் வணிக உலகம் வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கைஸ்பர்க் இந்தியாவின் தொடக்ககால வணிகத் தட்டுகளைப் பதிந்தபோது, கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டுகள் அச்சாக ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்குள்ள தொழிலாளர் சரியான பெயர்ச்சீட்டை ஒட்டுவதற்கு அந்த அறிவிப்பு உதவியது என்பர். காரணம் தொழில்முறையாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவாக நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தும் அவர் தன்மை இடத்தில் நின்று தம்மை அறிவித்துக்கொண்டிருக்கிறார். மாதிரியாகக் கொள்ளப்பட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்களுடைய பெயர் தட்டுக்கு வெளியே, ஒரு படிவத்தில் இருந்தது.

*

1914இல் போர் மூண்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் இறக்கப்பட்டார்கள். சிறைப்பட்ட இந்தியரையும், பிரெஞ்சு, ரஷ்யப் படைகளில் இருந்த இஸ்லாமியரையும் ஜெர்மானிய அரசு பெர்லினுக்குத் தெற்கே சோசென், வூன்ஸ்டோர்ஃப் பகுதி முகாம்களில் குவித்தது. வூன்ஸ்டோர்ஃபில் இருந்தது ‘பிறை முகாம்’ என்று பெயர் பெற்றது. 1915 ஜூலையில் அங்கு மரத்தாலான மசூதி ஒன்று திறக்கப்பட்டது. ஜெர்மானிய மண்ணில் தொழுகைக்கென எழுந்த முதல் மசூதி அதுவே. இந்த உபசரிப்புக்குக் காரணம் உண்டு. கைதிகளை அவர்களுடைய பழைய எசமானர்களுக்கு எதிராகத் திருப்புவது ஜெர்மனியின் திட்டம். இந்திய மொழிகளில் முகாமுக்கென ஒரு செய்தித்தாளும் அச்சாயிற்று. நம் செண்பகராமன் பிள்ளையும் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவும் இடம்பெற்றிருந்த பெர்லின் இந்திய விடுதலைக் குழுவும் இம்முகாமில் பரப்புரை செய்தது. நாட்டு விடுதலைக்காக உழைத்தவர்களுக்கும், பசிக்கும் குளிருக்கும் நடுவே ஊர் திரும்பக் காத்திருந்த உழவர் மக்களுக்கும் இடையே அங்கு நடந்த சந்திப்பு நம் வரலாற்றுநூல்களில் போதிய இடம் பெறாத ஒன்று.

அறிஞர்களுக்கு அம்முகாம்கள் வேறொரு வகையில் பயன்பட்டன. உலகின் பல மொழிகள் பெர்லினிலிருந்து ரயிலேறிப் போய்விடும் தொலைவில் கம்பிவேலிக்குள் இருந்தன. 1915இல் அரச பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம் அமைந்தது. தலைவர் கார்ல் ஷ்டும்ஃப். செயல் வடிவம் கொடுத்தவர் வில்ஹெல்ம் டோகென் என்னும் ஆங்கில ஆசிரியர். ஏறத்தாழ முப்பது அறிஞர்கள் பங்குகொண்டார்கள். 1915 டிசம்பர் இறுதியிலிருந்து 1918 டிசம்பர் வரை முகாம் முகாமாகச் சென்று 1,650 அரக்குத் தட்டுகளையும் 1,022 மெழுகு உருளைகளையும் பதிந்தார்கள். மொழிகளும் வழக்குகளுமாக ஏறத்தாழ 250 அவற்றில் அடங்கும். இந்திய மொழிகளின் பொறுப்பு வடமொழிப் பேரறிஞர் ஹைன்ரிஷ் லூடர்சிடம் இருந்தது.

முறை மிகக் கறாரானது. கைதி பேசப்போவது முன்கூட்டியே எழுதப்படும், ஒத்திகை பார்க்கப்படும், பிறகே கூம்பின் முன் நிறுத்தப்படுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் உண்டு. பெயர், பிறந்த ஊர், பெற்றோரின் ஊர், கல்வி, சமயம், தொழில், அறிந்த மொழிகள், இறுதியில் குரலின் தன்மை பற்றிய மதிப்பீடு. இதே முகாம்களில் மானிடவியலார் கைதிகளின் மண்டையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார்கள். எகோன் ஃபொன் ஐக்ஸ்டெட் அங்கு சீக்கியரை அளந்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் இனக்கோட்பாட்டுப் பேராசிரியராக நாஜிக் காலத்தில் வாழ்ந்தார். அளக்கும் கையும் பதியும் கையும் வெவ்வேறு ஆட்களுடையவை. ஆனால் கைதியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது.

பிரிட்டிஷ் கைதிகளின் வட்டார ஆங்கிலத்தைப் பதிந்தவர் பேராசிரியர் அலாய்ஸ் பிரான்டல். அவரும் பொதுப் பத்தியாகக் கையாண்டது கெட்ட குமாரன் கதையையே. தூரதேசம் போனவன் பசியால் வாடி வீடு திரும்ப எண்ணும் கதையை, வீடு திரும்ப முடியாத மனிதர்கள் கம்பிவேலிக்குள் நின்று உரக்கச் சொன்னார்கள். உயிரெழுத்துகளின் திரிபைக் குறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பொதுப் பத்தி. சொன்னவர்களுக்கு அது வெறும் பத்தியாக மட்டுமே இருந்திருக்குமா என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம்.

*

இப்போது மல் சிங்கின் பதிவுக்கு வருவோம். இந்தியக் கைதிகளிடம் கதைகள், பாடல்கள், தன்வரலாற்றுக் குறிப்புகள் எனப் பலவும் பதியப்பட்டன. மல் சிங் பஞ்சாபியில் ஒரு கதை சொல்வதுபோலத் தொடங்குகிறார். ஒரு மனிதன் இருந்தான் என்பது தொடக்கம். நம் பாட்டிமார் கதையில் ஒரு ஊரில் ஒரு ராஜா இருப்பதுபோல அங்கே ஒரு மனிதன் இருக்கிறான். அவன் இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டான், பால் குடித்தான். பிறகு ஆங்கிலேயர் படையில் சேர்ந்தான். ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மனி அவனைச் சிறைப்பிடித்தது. அவன் இந்துஸ்தானம் போக விரும்புகிறான். போனால் பழைய உணவு அவனுக்குக் கிடைக்கும். ஆண்டுகள் போய்விட்டன. சமாதானம் எப்போது வருமோ தெரியவில்லை. இன்னும் இரண்டாண்டு இங்கே இருக்க நேர்ந்தால் அவன் இறந்துவிடுவான். இதுவரை எல்லாம் படர்க்கை. இறுதி வாக்கியத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. இறைவன் அருளால் சமாதானம் வந்துவிட்டால் திரும்பிப் போவோம் என்கிறார். படர்க்கை ஒருமை தன்மைப் பன்மையாகிறது. அத்துடன் தட்டு முடிகிறது.

கிரியர்சன் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்தது மூவிடப் பெயர்களுக்காக. அப்பத்தியைக் கையில் வாங்காமலேயே ஒரு சிப்பாய் இலக்கணத்தின் இடங்களைக் கொண்டு தம் நிலைமையைச் சொல்லிவிட்டார். கைதி ஒருவர் தன்மை இடத்தில் நின்று ‘நான் இங்கே இறந்துவிடுவேன்’ என்று சொல்லியிருந்தால் அது முறையீடு. சிறைவைத்தவனின் கருவி முன் முறையீடு செய்வது எளிதன்று. படர்க்கையில் சொன்னால் அது கதை. கதை மொழி மாதிரியாகும். மொழி மாதிரியைத் தேடி வந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். இது திட்டமிட்ட உத்தியா, அல்லது நாட்டார் கதை மரபில் ஊறிய நாவுக்கு இயல்பாக வந்த வடிவமா என்று பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. தன்னைப் பற்றிப் பேசத் தடையிருக்கும் இடங்களில் மக்கள் காலங்காலமாகக் கையாளும் வழி இதுவே. வயலில் நடவுப் பாட்டுப் பாடும் பெண் பண்ணையாரின் கொடுமையை வேறொருத்தியின் கதையாகப் பாடுவதை நாம் அறிவோம்.

இறுதி வாக்கியத்தைத் தமிழில் பெயர்க்க முனைந்தால் ஒரு தடை எதிர்ப்படுகிறது. திரும்பிப் போவோம் என்ற வினைக்கு எழுவாய் ‘நாம்’ ஆ, ‘நாங்கள்’ ஆ? முன்னிலையாரை உளப்படுத்தும் பன்மையும் உளப்படுத்தாத பன்மையும் தமிழில் வெவ்வேறு. பஞ்சாபி வினைவடிவம் அவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆகவே மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எடுத்தாகவேண்டும். ‘நாங்கள்’ என்றால் எதிரே நிற்கும் ஜெர்மானிய அறிஞர் விலக்கப்படுகிறார். சிறைப்பட்ட இந்தியர் மட்டும் திரும்புகிறார்கள். ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்ந்துவிடுகிறார். அக்கேட்பவர் யார்? கூம்பின் மறுபுறம் நின்றவரா? வரிசையில் தம் முறைக்குக் காத்திருந்த சக கைதியா? அல்லது என்றோ ஒரு நாள் இத்தட்டைக் கேட்கக்கூடும் என்று எண்ணப்பட்ட ஒரு பஞ்சாபியா? எழுத்தாவணத்தில் இக்கேள்வி பிறந்திருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு குரல் ஒரு திசையை நோக்கிப் பேசுகிறது என்னும் உணர்வைக் காதுதான் தருகிறது. நாம் ‘நாங்கள்’ என்றே பெயர்ப்போம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாலையில் தத்தம் வீடு திரும்பக்கூடியவர்கள். அவர்களை அந்தப் பன்மைக்குள் சேர்க்க மனம் ஒப்பவில்லை.

இதே முகாமில் பவன் சிங் என்பவர் பேய்களைப் பற்றிப் பேசிய பதிவும் உண்டு. இறந்தவனின் ஆவி காற்றைப்போல அலையும் என்பது அவர் பேச்சின் சாரம். நாட்டார் நம்பிக்கை என்று தலைப்பிட்டு ஒதுக்கிவிடக்கூடிய செய்திதான். ஆனால் பேசிய இடத்தைச் சேர்த்துக் கேட்டால் அது வேறாகிறது. குளிரும் காசநோயும் கைதிகளைக் கொன்றுகொண்டிருந்த இடம் அது. முகாமை அடுத்த செரென்ஸ்டோர்ஃப் இந்தியக் கல்லறைத் தோட்டத்தில் 206 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஊரில் தகனம் பெற்றிருக்கவேண்டியவர்களும் அவர்களுள் உண்டு. 1917இல் எஞ்சிய இந்தியரைத் தட்பவெப்பம் கருதி ருமேனியாவுக்கு மாற்றினார்கள். சொந்த மண்ணும் சடங்கும் கிட்டாமல் இறந்தவரின் ஆவி அலைவதைப் பற்றி அம்முகாமில் ஒருவர் பேசினால் அதை வெறும் நாட்டாரியல் தகவலாகக் கேட்க இயலுமா? இக்குரல்களைத் தேடிச்சென்ற ஜெர்மானிய இயக்குநர் பிலிப் ஷெஃப்னர் 2007இல் எடுத்த ‘பிறைநிலாக் கோப்புகள்’ என்னும் பொருள்படும் ஆவணப்படம் மல் சிங்கின் குரலையும் பவன் சிங்கின் குரலையும் முதன்முறையாகப் பரவலான பார்வையாளரிடம் கொண்டுசேர்த்தது.

*

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒலிப்பதிவு என்பதே ஆதிக்கத்தின் கருவி என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். அதே டோகென் 1928 முதல் 1931 வரை, புதிதாக விடுதலை பெற்ற அயர்லாந்தின் அழைப்பை ஏற்று ஐரிஷ் மொழியின் வழக்குகளைப் பதியும் பணியை நடத்தினார். பதினேழு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் பேசினார்கள். அங்கும் கெட்ட குமாரன் வந்தான். கூடவே பாட்டுகளும் செபங்களும் ஊர்க்கதைகளும் வந்தன. அவர்களுள் சிலருடைய வழக்கு இன்று பேசுவோரின்றி மறைந்துவிட்டது. தட்டில் மட்டுமே வாழ்கிறது. அயர்லாந்தின் மக்கள் இத்தட்டுகளைத் தம் சொத்தாகப் போற்றுகிறார்கள். கருவி ஒன்று, முறை ஒன்று, கதையும் ஒன்று. பேசியவர் தம் விருப்பத்துடன் தம் ஊரில் நின்று பேசினாரா, அவர் குரல் அவருடைய மக்களிடம் திரும்பிவந்ததா என்பவைதாம் வேறுபாடு.

வூன்ஸ்டோர்ஃப் குரல்கள் திரும்பிவர நெடுங்காலம் ஆயிற்று. தட்டுகள் இன்று பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் உள்ளன. பிரிட்டிஷ், இந்தியக் கைதிகளின் 800க்கும் மேற்பட்ட தட்டுகளின் எண்ணிமப் படிகளைப் பிரிட்டிஷ் நூலகம் 2008இல் பெற்றது. கிரியர்சனின் கிராமபோன் பதிவுகளைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகம் இணையத்தில் ஏற்றியது. சென்னையில் பதிவான தமிழையும் அங்கே கேட்கலாம். ஆனால் இணையத்தில் ஏறிவிட்டதாலேயே ஒன்று காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நம்புவதற்கில்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறி அமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் ஒலித்தளமும் பல மாதங்கள் பொதுமக்களுக்கு எட்டாமற்போயிற்று. நூறாண்டு தாங்கிய அரக்குத் தட்டு பத்திரமாக இருக்க, அதன் எண்ணிமப் படி ஒரே நாளில் கைநழுவியது.

நம் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டிய கடமையும் இங்கே எழுகிறது. 1980களிலும் 90களிலும் நாட்டுப்புறவியல் ஆய்வுக்காகத் தமிழகக் கல்லூரிகளின் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று ஒப்பாரியும் தாலாட்டும் கதைப்பாடலும் ஒலிநாடாவில் பதிந்தார்கள். ஆய்வேடு தட்டச்சாகி, பட்டமும் வந்த பிறகு அந்த நாடாக்கள் துறைகளின் அலமாரிகளில் அடைபட்டன. காந்த நாடாவின் ஆயுள் அரக்கைவிடக் குறைவு. நம் ஊர் ஈரத்தில் அது பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஓட்டக்கூடிய கருவியும் இன்று அரிதாகிவிட்டது. ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினால் பாடியவர் ‘தகவலாளி’ என்னும் தலைப்பின்கீழ் வயது, சாதி, ஊர் ஆகிய மூன்று குறிப்புகளாக நிற்கிறார். டோகெனின் படிவத்தில் இதைவிடக் கூடுதலான செய்தி இருந்தது என்பதை நாம் சொல்லித்தான் ஆகவேண்டும். பாடலின் சொற்கள் அச்சில் இருக்கின்றனவே என்று அமைதி கொள்வதும் சரியன்று. இழவு வீட்டில் ஒப்பாரி பாடும் பெண் எந்த அடியில் மூச்சு வாங்கினாள், எந்தச் சொல்லில் குரல் உடைந்தது, செத்தவரைப் பாடிக்கொண்டே எந்த இடத்தில் தன் கதையைத் தொடங்கினாள் என்பவற்றை அச்சு சொல்லாது. ஒப்பாரியிலும் படர்க்கை தன்மையாகும் இடம் ஒன்று உண்டு. அது குரலில்தான் தெரியும்.

நாடா இருக்கும் துறைகள் செய்யவேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அன்று. முதலில் ஒரு பட்டியல். பாடியவர் பெயர், ஊர், நாள், பதிந்தவர் பெயர், எந்தச் சூழலில் பாடினார் என்ற நான்கு வரி. அடுத்து, ஓடும் நிலையில் உள்ள நாடாக்களைப் படியெடுத்தல். ஓர் இடத்தில் அல்லாமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்தல். மூன்றாவது, எவர் வீட்டுக் குரலோ அவர் வீட்டுக்கு ஒரு படி. பாடிய பாட்டி இருக்கமாட்டாள், பேத்தி இருப்பாள். அவள் கேட்கட்டும். எந்தச் சொல்லை நாம் பிழையாகப் படித்து அச்சிட்டிருக்கிறோம் என்பதை அவளே சொல்லக்கூடும்.